மணிமுத்தாற்றங்கரை கற்பிக்கும் கணக்கு

(விருத்தாசலத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் நிகழ்த்திய பிரசங்கம்)

அங்கத்தினர்களே,

சங்க விஷயங்களைப் பேசும்போது தூர தேசத்து உதாரணங்களையே கூறுவது வழக்கம். நம் ஊரின் சரித்திரத்திலேயே நாம் அறிய வேண்டியவை பல உள. அவற்றுட் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

கல்வராயன் மலையில் உற்பத்தியாகும் மணிமுத்தாறு இவ்வூரைத் தழுவிச் சென்று, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றது. இதன் கரையிலுள்ள நம் ஊருக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். அதனையே வடமொழியில் விருத்தாசலம் என்றனர். பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்தவர் சோழப் பேரரசியார் செம்பியன் மாதேவியார். அக்காலத்தார் தாம் அளித்த நிலம், பொன் முதலியவற்றையும், அவற்றைக் கொண்டு நடத்த வேண்டிய தருமத்தையும் கோயிற் சுவர்களில் கல்வெட்டாகப் பொறித்தனர். பொதுப் பணத்தின் கணக்கு பலரும் காணும் இடத்தில் இருக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய கொள்கையன்று.

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இத்தலத்தில் இறைவன் அருளிய 12,000 பொன்னை அவர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடுவது என்னும் பேச்சு இதனை ஒட்டியதே. ஆனால் பலர் கவனியாத ஒரு செய்தி அதில் உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் அவர் அதில் ஒரு துண்டை மாதிரிக்காக வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அதனோடு ஒப்பிட்டபோது மாற்றுக் குறைந்திருந்தது. அவர் பதிகம் பாடியபின் சரியான மாற்றுப் பொன் கிடைத்தது. கடவுளிடம் கொடுத்த பொருளுக்கே அப்பெரியார் மாதிரி வைத்துச் சரிபார்த்தார். நம்பிக்கைக்கும் கணக்குக் கேட்பதற்கும் விரோதமில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, நம் ஊருக்குப் பிற்காலத்திற் பெயர் தந்த பீங்கான் தொழிலைப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண் அடுக்குகளில் வெண்களிமண்ணும் உண்டு. இக்களிமண் பீங்கானுக்கு உகந்தது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் குமிழ் முதலியன இங்குள்ள சிறு தொழிற்சாலைகளில் உருவாகின்றன. சூளை நிறைந்தாலும் பாதி காலியாய் இருந்தாலும் எரிபொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பலருடைய கலங்களைச் சேர்த்து வேகவைப்பதே இலாபம். ஆனால் ஈரம் உலராத ஒரு கலத்தைச் சூளையில் வைத்தால் அது வெடித்துப் பக்கத்திலுள்ள நல்ல கலங்களையும் கெடுக்கும்.

கூட்டுறவுச் சங்கமும் ஒரு பொதுச் சூளையே. வசதியிருந்தும் ஒருவர் தவணை செலுத்தாதிருந்தால், மணிலாக்கொட்டை விதைக்கும் பருவத்தில் மற்றோர் அங்கத்தினருக்குக் கடன் கிடைப்பதில்லை. அவர் வட்டிக்காரன் வாயிலில் நிற்கின்றார். ஒருவர் பெயரில் மற்றொருவர் கடன் பெறுவது உலராத கலத்தை உள்ளே வைப்பதற்கு ஒப்பாகும்.

இங்கிலாந்தில் ராச் என்னும் ஆற்றங்கரையிலுள்ள ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்துக் கடை திறந்தனர். கலப்பற்ற சரக்கு, சரியான நிறை, ரொக்க வியாபாரம், ஒழுங்கான கணக்கு என்பன அவர்தம் விதிகள். அவ்விதிகளாலேயே அச்சிறு கடை உலகம் போற்றும் இயக்கமாயிற்று. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டு கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது.

ஆகவே மூன்று காரியங்களை உங்களிடம் வேண்டுகின்றேன். எழுதாத தாளில் கையொப்பமோ கைநாட்டோ இடாதீர்கள். பணம் செலுத்திய அன்றே இரசீது பெற்றுப் பாஸ் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். பொதுச் சபைக்குத் தவறாது வந்து, வரவு செலவை உரக்க வாசிக்கக் கேளுங்கள். கேட்பவரைச் சண்டைக்காரர் என்று எண்ணும் காரியதரிசி இருப்பின், மாதிரிப் பொன் வைத்துக்கொண்ட நாயனாரின் வரலாற்றை அவருக்கு வணக்கமாய் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கங்கள் செழித்தோங்குக.