இயற்கணித வகுப்பில் இடம்: தகுதியை அளப்பது யார்?

நம் நாட்டுப் பள்ளியில் ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பை எட்டும் குழந்தைக்கு, எண்ணின் இடத்தில் எழுத்தை வைத்துக் கணக்கிடும் முறை அறிமுகமாகிறது. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒருபடிச் சமன்பாடுகளும் வந்து சேர்கின்றன. இப்பாடத்தைப் பயிலும் தகுதி அக்குழந்தைக்கு உண்டா என்று எவரும் வினவுவதில்லை. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, முதல் பத்தாண்டுப் பள்ளிக் கல்வியில் கணிதம் அனைவருக்கும் கட்டாயப் பாடமாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பாடம் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கப்படுகிறது என்பது வேறு வழக்கு. பாடத்தில் இடம் உண்டா என்பது இங்கு வழக்கே அன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதுவே பெரும் வழக்கு. அங்கு உயர்நிலைக் கணிதம் ஒவ்வோர் ஆண்டும் ஒரு தனிப் பாடமாக வகுக்கப்பட்டுள்ளது. முதலாம் இயற்கணிதம், வடிவ கணிதம், இரண்டாம் இயற்கணிதம், நுண்கணிதத்துக்கு முந்திய பாடம், பின்னர் நுண்கணிதம் என்று படிகள் அமைந்துள்ளன. ஒன்பதாம் வகுப்பில் முதற்படியில் கால் வைக்கும் மாணவன், பள்ளிப் படிப்பு முடியும்போது நுண்கணிதத்தின் வாயிலில் நின்றுவிடுகிறான். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கியவன் பன்னிரண்டாம் வகுப்பில் அதனுள் நுழைகிறான். பொறியியலோ அறிவியலோ பயில விழையும் மாணவனின் விண்ணப்பத்தில் நுண்கணிதம் இடம்பெற்றுள்ளதா என்பதைப் பெயர் பெற்ற பல்கலைக்கழகங்கள் கவனிக்கின்றன.

எட்டாம் வகுப்பு என்று சொன்னாலும், முடிவு அதற்கு முன்பே செய்யப்பட்டுவிடுகிறது. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் பயில வேண்டுமாயின், ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளின் கணிதத்தை இரண்டு ஆண்டுகளில் முடித்தாக வேண்டும். ஆகவே, ஐந்தாம் வகுப்பின் இறுதியில், பதினோரு வயதில், குழந்தை எந்தப் பாதையில் செல்லும் என்பது பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. தீர்மானிக்கும் முறை நாடு முழுவதற்கும் ஒன்றாக இல்லை. ஆண்டு இறுதித் தேர்வு மதிப்பெண், வகுப்பு மதிப்பெண், தனித் தகுதித் தேர்வு, ஆசிரியரின் பரிந்துரை, பெற்றோரின் வேண்டுகோள் ஆகியவற்றை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, உள்ளூர்க் கல்வி நிர்வாகங்கள் தத்தம் விதியை வகுத்துக்கொண்டுள்ளன.

விலை வைக்கப்படாத பண்டம் பங்கிடப்படும் இடத்தில், தகவலே விலையாகிவிடும் என்பதைப் பொருளியல் பயின்றோர் அறிவர். எந்த வாரத்தில், எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குவது என்று அறிந்த குடும்பத்துக்கு இடம் கிடைக்கிறது. இயற்கணிதம் என்ற ஒன்று முன்கூட்டியே கிடைக்கக்கூடும் என்பதையே அறியாத குடும்பத்துக்கு, அது மறுக்கப்பட்டதுகூடத் தெரியவருவதில்லை.

புளோரிடா மாநிலத்தின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் நிகழ்ந்தது இதற்குத் தெளிவான சான்று. அது இயற்கணிதத்தைப் பற்றியதன்று, மிகுதிறன் குழந்தைகளுக்கான வகுப்பைப் பற்றியது. எனினும் பாடம் ஒன்றே. ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்த குழந்தைகளை மட்டும் சோதித்து வந்த அம்மாவட்டம், 2005ஆம் ஆண்டில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் அனைவரையும் ஒரு தொடக்கச் சோதனைக்கு உட்படுத்தியது. தகுதி பெற்றோருள் ஏழைக் குழந்தைகள், கறுப்பினக் குழந்தைகள், ஸ்பானிய வழிவந்த குழந்தைகள் ஆகியோரின் எண்ணிக்கை வெகுவாக உயர்ந்தது. அக்குழந்தைகள் புதிதாக வந்தவர்கள் அல்லர். அதே பள்ளிகளில் இருந்தவர்களே. சில ஆண்டுகளுக்குப் பின் நிதி நெருக்கடியால் பொதுச் சோதனை கைவிடப்பட்டபோது, அந்த எண்ணிக்கை மீண்டும் சரிந்தது. சோதனைக்கு ஆகும் செலவு சிறிது; மிச்சம் பிடிக்க முதலில் தென்பட்டதும் அதுவே. இத்தகைய சிக்கனத்தை நம் நாட்டு அலுவலகங்களும் அறியாதவை அல்ல.

இயற்கணிதத்தை உரிமைப் பிரச்சினையாக முதலில் முன்வைத்தோரில் முதன்மையானவர் ராபர்ட் மோசஸ். 1960களில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யும் இயக்கத்தில் உழைத்தவர் அவர். அம்மாநிலத்தில் வாக்காளராக விரும்பியவர், அரசியலமைப்பின் ஒரு பகுதியை எழுதி அதற்குப் பொருளும் கூற வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்தவர் பதிவு அலுவலரே. அளவுகோலும் அலுவலரின் விருப்பமும் ஒன்றாகிவிட்ட அந்நிலைக்கு 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் முடிவு கட்டியது. பின்னர்த் தான்சானியாவில் கணித ஆசிரியராகப் பணியாற்றித் திரும்பிய மோசஸ், 1982இல் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், தம் மகள் பயின்ற பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் இல்லை என்பதைக் கண்டு, தாமே அங்குச் சென்று கற்பிக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததே இயற்கணிதத் திட்டம் என்ற அமைப்பு. சுரங்க ரயிலில் மாணவரை அழைத்துச் சென்று, புறப்பட்ட நிலையம், சேரும் நிலையம், முன்னும் பின்னும் உள்ள நிலையங்கள் ஆகியவற்றைக் கொண்டே மிகை எண், குறை எண் என்ற கருத்தைப் புகட்டினார்கள். 2021இல் அவர் காலமானார். தகுதி என்பது பிறவியில் அமைவதன்று, வகுப்பறையில் உண்டாக்கப்படுவது என்பதே அவர் வாழ்நாள் பணியின் சாரம்.

எனினும் கதவைத் திறந்துவிட்டால் போதும் என்று எண்ணியவர்களும் இடறினர். கலிபோர்னியா மாநிலம் 1990களின் இறுதி தொட்டு எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தை வற்புறுத்தி வந்தது. இயற்கணிதம் பயிலாத எட்டாம் வகுப்பு மாணவரைக் கொண்ட பள்ளியின் தர மதிப்பீட்டில் புள்ளிகள் குறைந்தன. 2008இல் மாநிலக் கல்வி வாரியம் அனைவருக்கும் இயற்கணிதத் தேர்வு என்று முடிவெடுத்தது. நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அதற்குள்ளாகவே பாதிக்கும் மேற்பட்ட எட்டாம் வகுப்பு மாணவர் இயற்கணித வகுப்பில் அமர்ந்துவிட்டனர். பின்னர் ஆராய்ந்தோர், சேர்க்கை உயர்ந்த இடங்களில், குறிப்பாகப் பெரிய கல்வி மாவட்டங்களில், பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்ச்சி தாழ்ந்ததைக் கண்டனர். வட கரோலினாவின் சார்லட் நகர்ப் பகுதியில் 2000களின் தொடக்கத்தில் நடந்த முயற்சியும் அவ்வாறே முடிந்தது. பின்னங்களில் தடுமாறும் சிறுவனை இயற்கணித வகுப்பில் உட்கார வைப்பது அவனுக்கு வாய்ப்பளித்ததாகாது.

சான் பிரான்சிஸ்கோ நகரம் எதிர்த்திசையில் சென்றது. 2014இல் எட்டாம் வகுப்பிலிருந்து முதலாம் இயற்கணிதத்தையே நீக்கி, அனைவரும் ஒன்பதாம் வகுப்பில் பயில்வர் என்று விதித்தது. வேறுபாட்டை வளர்க்கும் பந்தயத்தை நிறுத்திவிட்டால் வேறுபாடு குறையும் என்பது எதிர்பார்ப்பு. வசதி படைத்தோர் தனிப் பயிற்சியையும் கோடை வகுப்பையும் தேடிக்கொண்டனர். உயர்கணித வகுப்புகளில் சேர்ந்தோர் விகிதம் முதலில் தாழ்ந்தது. அவற்றில் இனங்களுக்கிடையேயான இடைவெளி எதிர்பார்த்தவாறு சுருங்கவில்லை என்று 2023இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு கூறிற்று. 2024 பிப்ரவரியில் கல்வி வாரியம் பாடத்தைத் திரும்பக் கொண்டுவர முடிவு செய்தது. மறுமாதம் நடந்த வாக்கெடுப்பில் வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பங்கினருக்கும் மேல் அதை ஆதரித்தனர்.

அனைவருக்கும் என்பதும் ஒருவருக்கும் இல்லை என்பதும் பயன் தராதபோது, அளவுகோலைப் பற்றிய கேள்வி திரும்ப வருகிறது. வட கரோலினாவின் வேக் மாவட்டம், ஏறத்தாழ 2010 முதல், முந்தைய தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு ஒவ்வொரு மாணவரும் இயற்கணிதத்தில் தேறும் வாய்ப்பைக் கணித்து, அது நூற்றுக்கு 70 அல்லது அதற்கு மேல் இருப்பின் விரைவுப் பாதையில் சேர்க்குமாறு கூறியது. இந்த 70 என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். வாய்ப்பு சரியாக 70 உள்ள பத்து மாணவரைச் சேர்த்தால் மூவர் தவறுவர். இதற்கு அஞ்சி எல்லையை 90 ஆக்கினால், வாய்ப்பு 80 உள்ள பத்துப் பேர் வெளியே நிறுத்தப்படுவர். சேர்த்திருந்தால் அவர்களில் எண்மர் தேறியிருப்பர். தவறிய மூவர் கண்ணில் படுகின்றனர். ஆசிரியர் அவர்களைச் சுட்டிக் காட்டுவார். தேறியிருக்கக்கூடிய எண்மர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பரிந்துரை முறை எப்போதும் கடுமையின் பக்கமே சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேக் மாவட்டத்தின் விதி, வகுப்பில் இடம் கிடைப்பதில் வருமானமும் இனமும் வகித்த பங்கைக் குறைத்தது என்று ஆய்வாளர் கண்டனர்.

தேர்ச்சி வாய்ப்பு குறைந்தோரை என் செய்வது? சிக்காகோ நகரம் 1997இல் ஒன்பதாம் வகுப்பினர் அனைவருக்கும் இயற்கணிதத்தைக் கட்டாயமாக்கிப் பயன் காணாமல், 2003இல் எட்டாம் வகுப்புத் தேர்வில் தேசிய நடு அளவுக்குக் கீழ் நின்றோருக்கு நாள்தோறும் இரு பாடவேளை இயற்கணிதம் வைத்தது. எல்லைக்கு அருகில் இருந்த மாணவரிடையே பள்ளிப் படிப்பை முடித்தோரும் கல்லூரியில் சேர்ந்தோரும் கூடினர். இதற்குக் கூடுதல் ஆசிரியர் வேண்டும். கால அட்டவணையில் வேறு பாடம் ஒன்று இடம்விட வேண்டும்.

நம் நாட்டுக்கும் இவ்வினா முற்றிலும் அயலானதன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2020ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்புத் தேர்விலிருந்து கணிதத்தில் தரநிலைத் தாள், அடிப்படைத் தாள் என இரண்டை அமைத்தது. பாடத்திட்டம் ஒன்றே, வினாத்தாளின் கடினம் மட்டுமே வேறு. தேர்வு மாணவருடையது. அடிப்படைத் தாள் எழுதியோருக்கு மேல்நிலையில் கணிதம் இல்லை என்று முதலில் இருந்த விதி, பெருந்தொற்று ஆண்டுகளில் தளர்த்தப்பட்டது. கல்லூரியைக் கண்டிராத வீட்டிலிருந்து வரும் பதினைந்து வயதுப் பிள்ளை, தன் திறனை எடை போட்டு அத்தாளைத் தேர்ந்தெடுத்ததா, அச்சத்தால் தேர்ந்தெடுத்ததா என்பதைப் பள்ளி விசாரித்து அறிய வேண்டும்.

வட கரோலினாவின் இரு நாளேடுகள் 2017இல், உயர் மதிப்பெண் பெற்றும் மேல்வகுப்புகளில் சேர்க்கப்படாத ஏழைக் குழந்தைகளைப் பற்றிய செய்தித் தொடரை வெளியிட்டன. மறு ஆண்டே சட்டம் வந்தது. ஏழாம் வகுப்புத் தேர்வில் உச்ச நிலையை எட்டிய மாணவரை எட்டாம் வகுப்பில் உயர்நிலைக் கணிதத்தில் சேர்த்தே ஆக வேண்டும். டெக்சாஸ் மாநிலமும் 2023இல் இயற்றிய சட்டத்தால், ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் 40 விழுக்காட்டினுள் வருவோரை ஆறாம் வகுப்பின் மேல்நிலைக் கணிதத்தில் தாமாகவே சேர்க்கப் பணித்தது. இரு மாநிலங்களிலும் பெற்றோர் விரும்பினால் குழந்தையை விலக்கிக்கொள்ளலாம். முன்பு உள்ளே நுழையப் பெற்றோர் மனுச் செய்ய வேண்டியிருந்தது. வட கரோலினாவில் இப்போது வெளியேறுவதற்கே அவர்களது எழுத்து மூலமான இசைவு வேண்டும்.