சலூன் கத்தியை வீட்டுக்கு வாங்குவோருக்கு

சலூன்களில் இன்று புழங்குகிற, பிளேடு மாற்றிக்கொள்ளும் மடக்குக் கத்தியை வீட்டுக்கும் வாங்கலாமா என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். வாங்கலாம். எதைப் பார்த்து வாங்குவது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கடையில் முதலில் கண்ணைப் பறிப்பது கைப்பிடிதான். மரப்பிடி, கொம்பு மாதிரி பிளாஸ்டிக் பிடி, பூ வேலை செய்த பிடி என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது பிளேடைக் கவ்வுகிற வாயை. அசையாமல் பிடிக்கிறதா, நேராகப் பிடிக்கிறதா, எவ்வளவு விளிம்பை வெளியே விடுகிறது? கத்தியின் தரம் இதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் பிறகு.

காரணம் சொல்கிறேன். பழைய சவரக்கத்தி முழுவதும் ஒரே எஃகு. முதுகு தடித்திருக்கும், வயிறு குழிந்திருக்கும், விளிம்புக்கு வர வர மெலிந்துவிடும். கல்லில் தீட்டும்போது முதுகும் விளிம்பும் ஒருசேரப் படிவதால் தீட்டும் கோணம் தானாக அமைந்துவிடும். அதன் பிறகு தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துப் பதப்படுத்துவார்கள். தீட்டிய கை எப்படியோ கத்தியும் அப்படி. 1904இல் அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் தம்முடைய ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு பக்கமும் கூர் உள்ள மெல்லிய பிளேடு, மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். தீட்டுகிற வேலை ஆலைக்குப் போனது. அந்த பிளேடை நீளவாக்கில் பாதியாக ஒடித்து, பழைய கத்தியின் உடம்பில் செருகினால் நம் சலூன் கத்தி.

அந்த பிளேடின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தனியாக நிற்கும் வலு அதற்கு இல்லை. தடித்த தாடி ரோமத்தில் பட்டால் வளையும், அதிரும். பழைய கத்தியின் தடித்த முதுகு செய்த வேலையை இங்கே கவ்வுகிற வாய் செய்தாக வேண்டும். ஆலையில் தீட்டிய விளிம்போ கையால் தீட்டியதைவிடக் கூர்மையானது. கை சற்றுப் பிசகினாலும் தோலைப் பதம் பார்த்துவிடும்.

சலூன்கள் இந்தக் கத்திக்கு மாறியதில் தீட்டும் சிரமம் குறைந்தது மட்டும் காரணமில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய குழுவினரும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பின்னால் வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில் சவரத்துக்குப் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இன்னும் பிடிவாதமானது. உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் அது தொற்றும் வலுவோடு இருக்கக்கூடும். ஆகவே வீட்டிலும் அப்பா போட்ட பிளேடை மகன் தொடக் கூடாது. ஆளுக்கொரு கத்தியே வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சரி, கடைக்குப் போவோம். கத்தியை வெறுமனே பார்த்து எதுவும் தெரியாது. ஒரு பாதி பிளேடைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். போட்ட பிறகு கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கவ்வும் வாய்க்கு வெளியே தெரிகிற பிளேடை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பாருங்கள். கோடு போட்டது மாதிரி ஒரே அகலமாகத் தெரிய வேண்டும். ஒரு முனையில் அதிகமும் மறு முனையில் குறைவுமாகத் தெரிந்தால், அதிகம் தெரிகிற முனைதான் தாடையில் உங்களைக் கீறப்போகிற முனை. அடுத்து ஒரு தீக்குச்சியால் பிளேடின் தட்டைப் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். விளிம்பு அதிகம் வளைந்து கொடுத்தாலோ, உள்ளே லேசாக ஆடினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம். பிறகு மூலைகளைப் பாருங்கள். காது மடல், மூக்கின் அடி, உதட்டு ஓரம் ஆகிய இடங்களில் ரத்தம் வருவது பெரும்பாலும் விளிம்பால் இல்லை, மூலையால்தான். பிளேடின் இரு மூலைகளையும் சற்று மூடி நிற்கும் வாய் புதியவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு.

விளிம்பு எவ்வளவு வெளியே தெரியலாம் என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். குறைவாகத் தெரிந்தால் கத்தி சாதுவாக இருக்கும். சோப்பு நுரையும் ரோமமும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதிகம் தெரிந்தால் வழவழவென்று ஓடும். பிளேடு அதிரவும் செய்யும். கற்றுக்கொள்கிறவருக்கு நான் சாதுவானதையே சொல்வேன். அடிக்கடி அலசுவது ஒரு தொந்தரவே இல்லை.

அச்சாணி முக்கியம். கத்தியைத் திறந்து பிடித்தால் கைப்பிடி வைத்த இடத்தில் நிற்க வேண்டும். தொளதொளவென்று தானாகச் சரிந்தால் ஈரக் கையில் ஆபத்து. எடையைப் பொறுத்தவரை, மிக லேசான கத்தியை நான் விரும்புவதில்லை. கத்தியில் கனம் இல்லாதபோது கை தன்னையறியாமல் அழுத்தத் தொடங்கும். சவரத்தில் அழுத்தம்தான் எல்லாக் காயத்துக்கும் தாய். நடுத்தரக் கனமுள்ள, துருப்பிடிக்காத எஃகில் செய்த கத்தி போதும். வாய் பக்கவாட்டில் முழுக்கத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தால் உள்ளே தங்கும் சோப்பைக் கழுவித் துடைப்பது எளிது.

வெளிநாட்டுக் கத்திகளைப் பற்றியும் கேட்பீர்கள். வெட்டுக்கருவிகளுக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து டோவோ நிறுவனத்தின் கத்தி எடை குறைந்தது, எளிமையானது. ஜப்பானின் ஃபெதர் நிறுவனம் செய்யும் ஆர்ட்டிஸ்ட் கிளப் கத்தியின் அமைப்பே வேறு. பாதி பிளேடு அதில் பொருந்தாது. அதற்கென்றே ஒரு பக்கம் மட்டும் கூர் உள்ள, தடித்த பிளேடுகள் இருக்கின்றன. தடிமன் இருப்பதால் அதிர்வதில்லை. விளிம்பின் மேல் மெல்லிய கம்பிக் காப்பு வைத்த ஒரு வகை பிளேடும் அவர்களிடம் உண்டு. புதியவருக்கு அது உண்மையிலேயே உதவும். பிடிக்கும் சுகத்தில் இந்த ஃபெதர் கத்திக்கு ஈடாக ஒன்றைச் சொல்வது கடினம். விலை அதிகம், அதைவிடப் பெரிய குறை பிளேடு. தீர்ந்தால் வரவழைத்துத்தான் போட வேண்டும். பாதி பிளேடு போடுகிற கத்திக்கோ தெருமுனைப் பெட்டிக்கடையே போதும். ஒவ்வொரு சவரத்துக்கும் தயங்காமல் புதுப் பாதியைப் போடலாம். நம் ஊருக்கு, நம் பர்ஸுக்கு, என் வாக்கு பாதி பிளேடு கத்திக்குத்தான்.

பிளேடு எந்தக் கம்பெனியுடையது என்பதில் ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மூன்று வகைகளைச் சிறு பாக்கெட்டாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். உங்கள் தோலே சொல்லிவிடும். ஒடிக்கும்போது மட்டும் காகித உறையைப் பிரிக்காதீர்கள். உறையோடு நீளவாக்கில் மடக்கினால் 'டிக்' என்று இரண்டாகும், விரலுக்கும் சேதமில்லை.

கத்தி நல்லதாக அமைந்தாலும் பாதி வேலை இடது கையுடையது. அடுத்த முறை சலூனுக்குப் போகும்போது கத்தி பிடித்த கையைப் பார்க்காதீர்கள். சவரம் செய்கிற அண்ணனின் மற்றக் கையைப் பாருங்கள். கத்தி நகர்வதற்கு முன்பே அந்தக் கட்டைவிரல் நகர்ந்து, காதோரத் தோலை மேலே இழுத்து, கன்னத்தைத் தட்டையாக்கியிருக்கும். கத்தி தாடைக்கு இறங்கும்போது விரல்கள் கழுத்துத் தோலைக் கீழே இழுக்கும். பழனியில் மொட்டை போடுகிறவர்கள் அவ்வளவு வேகமாகக் கத்தியை ஓட்ட முடிவதற்கு அனுபவத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. தலைத்தோல் எலும்பின் மேல் ஏற்கெனவே இறுகி நிற்கிறது. முகத்தில் அந்த இறுக்கத்தை நாமே உண்டாக்க வேண்டும்.

வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவையுங்கள். கத்தி தோலோடு ஏறத்தாழ 30 டிகிரியில் சாய்ந்திருக்கட்டும், ரோமம் வளரும் போக்கிலேயே ஓடட்டும். தொடக்கத்தில் கன்னம் இரண்டை மட்டும் இதில் செய்துவிட்டு, தாடையையும் மேலுதட்டையும் பழகிய ரேசருக்கு விட்டுவிடுங்கள். கீறல் பட்டால் படிகாரத்தை நனைத்து வைத்தால் ரத்தம் நிற்கும். அந்தக் கல்லும் ஆளுக்கொன்றாக இருக்கட்டும். கை நடுக்கம் உள்ளவர்களும், முகத்தில் பரு நிறைந்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இந்தக் கத்தியைத் தொட வேண்டாம். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான ஒன்று பாக்கி இருக்கிறது. கழித்த பிளேடைக் காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். நம் வீட்டுக் குப்பையைக் கையால் பிரிக்கிற தூய்மைப் பணியாளரின் விரலைத்தான் அது வெட்டும். காலியான பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் பிளேடு நுழைகிற அளவுக்குக் கீறிவிட்டு, சவரம் முடிந்ததும் அதில் போட்டு வாருங்கள். டப்பா நிறைந்ததும் மூடியை ஒட்டி, மேலே பிளேடு என்று பெரிதாக எழுதி, தனியாக அவர் கையில் சொல்லிக் கொடுங்கள்.