நவான்னம்: நாம் அறிய வேண்டிய ஒரு நாடகம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன் நான். நாடகம் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. ஆயினும், நாம் குடியேறி வாழும் இந்த மேதினிபூர் மண்ணின் துயரைக் கூறும் நாடகமொன்றை நாம் அறியாதிருத்தல் தகாது என்றே பேசத் துணிந்தேன்.

அதன் பெயர் ‘நவான்னம்’. புத்தரிசிச் சோறு என்பது பொருள். நம் நாட்டில் புதிர் உண்பது போல, வங்கத்து உழவர் அறுவடைக்குப் பின் கொண்டாடும் விழா அது. பிஜன் பட்டாச்சார்யா எழுதினார். அவரும் சம்பு மித்ராவும் இயக்கினர். 1944 அக்டோபர் 24ஆம் நாள் இந்திய மக்கள் நாடக மன்றத்தார் கல்கத்தாவில் அதனை அரங்கேற்றினர். அரங்கின் பெயர் நமக்கு இனிப்பது: ‘ஸ்ரீரங்கம்’! பகட்டான திரைச்சீலைகள் இல்லை. சணற்சாக்குத் துணியே பின்புலம்.

கதை ஆமின்பூர் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. பிரதான் சமாத்தார் ஒரு முதிய குடியானவர். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மைந்தர் இருவரையும் இழந்தவர். அவர் மனைவி பஞ்சானனி, அஞ்சி ஓடும் ஊராரைத் தடுத்து நிறுத்தி முன்னே நடந்து உயிர் துறக்கிறாள். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தம்லுக்கில் கொடியேந்திச் சென்று துப்பாக்கிக் குண்டுக்கு இரையான மூதாட்டி மாதங்கினி ஹஸ்ரா நம் நினைவில் எழாமற் போகார்.

அடக்குமுறையைத் தொடர்ந்து புயல். புயலைத் தொடர்ந்து பஞ்சம். தம்பி மகன் குஞ்சனின் சிறு பிள்ளை மாண்டுபோகிறான். எஞ்சியோர் கல்கத்தா வீதிக்கு வருகின்றனர். செல்வர் மாளிகையில் திருமண விருந்து. வெளியே எச்சிலைத் தொட்டியில் குஞ்சன் நாயோடு போராடுகிறான். நாய் கடித்த கையை அவன் மனைவி ராதிகா தன் சேலையைக் கிழித்துக் கட்டுகிறாள். விருந்து உள்ளே நடந்துகொண்டே இருக்கிறது.

இக்காட்சியைப் படித்தபோது என் பாட்டியார் கூறியது நினைவுக்கு வந்தது. 1943இல் பாட்டனார் கரக்பூரில் ரயில்வே ஊழியர். போருக்கு இன்றியமையாதோர் என்று ரயில்வே ஊழியருக்குத் தானியக் கடையில் அரிசி கிடைத்தது. வெளியே உழவர் மாண்டனர். இறந்தோர் பதினைந்து லட்சம் என்று விசாரணைக் குழு மதிப்பிட்டது; முப்பது லட்சம் வரை என்பர் பின்வந்த ஆய்வாளர். அவர்கள் சோறு கேட்கவில்லை. “அம்மா, வடிகஞ்சி தாருங்கள்” என்றே கேட்டனர். பாட்டியார் நாள்தோறும் ஒரு பெண்ணுக்குக் கஞ்சி வார்த்து வந்தாராம். ஒருநாள் அக்கஞ்சியைப் பாட்டனாரின் வேட்டிக்குப் போட்டுவிட்டார். அன்று வெறுங்கையோடு திரும்பியவள் மறுநாள் வரவில்லை. அதன்பின், சாகும்வரை, பாட்டியார் துணிக்குக் கஞ்சி போட்டதில்லை.

அன்பர்களே, அந்த விருந்து மாளிகைக்குள் இருந்தவர்களில் நம் முன்னோரும் ஒருவகையில் உண்டு. குற்றஞ்சாட்ட இதைக் கூறவில்லை. அவர்கள் பஞ்சத்தை உண்டாக்கியவர் அல்லர்; தம் பிள்ளைகளைக் காத்தவர். ஆனால் அண்டை வீட்டான் கதையை அறியாமல் அவன் மண்ணில் மூன்று தலைமுறை சோறுண்பது முறையாகுமா?

நாடகம் அழுகையில் முடியவில்லை. சிதறியோர் ஊர் திரும்பி, ஒருவர் வயலை மற்றவர் கூடி அறுத்து, புத்தரிசி விழா எடுக்கின்றனர். சித்தங்கலங்கிய பிரதானும் அவ்விழாவிற்கு வந்து சேர்கிறார். இனியொரு பஞ்சம் வந்தால் ஒன்றுபட்டு எதிர்ப்போம் என்பதே அவ்வூராரின் உறுதி.

ஆண்டுதோறும் நம் இளைஞர் சிரிப்பு நாடகங்களைத் திறம்பட நடிக்கின்றனர்; அவையும் வேண்டும். வரும் ஆண்டு இந்நாடகத்தைத் தமிழில் நடித்து, வங்க அன்பர்களையும் அழைப்போமாக. செலவுக்கு அஞ்ச வேண்டாம். சாக்குத் துணி போதும். என் பாட்டியார் திருப்பித் தர இயலாத ஒரு கலயக் கஞ்சிக்கு அது ஈடாகாது. ஆயினும் நன்றியறிதலின் தொடக்கமாகும்.