கனடாவின் போர் நினைவும் வகுப்பறைச் சாதனங்களும்



ஆண்டுதோறும் நவம்பர் மாதம் 11ஆந் திகதி முற்பகல் 11 மணிக்குக் கனடா தேசத்துப் பாடசாலைகள் பலவற்றிலே மாணவர் எழுந்து நின்று மௌனம் காக்கின்றனர். அன்று விடுமுறையான மாகாணங்களில் அதற்கு முந்திய நாட்களில் இது நடைபெறும். சட்டையின் இடப்புறத்தே சிவந்த பொப்பிப் பூவொன்று குத்தப்பட்டிருக்கும். நேயர்களுட் பலருடைய பேரப்பிள்ளைகளும் மருமக்களும் இன்று ரொறன்ரோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கல்வி பயில்கின்றனர். அவர்களும் அவ்வாறே நிற்கின்றனர். அந்த மௌனம் வெறுஞ் சடங்காய்க் கழியாதிருக்க வேண்டுமாயின், அதற்கு முந்திய வாரங்களில் ஆசிரியர் கையிலே என்ன இருக்க வேண்டும் என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

கனடாவிலே கல்வி மாகாண அரசுகளின் பொறுப்பு. ஆகவே நாடு முழுமைக்கும் ஒரே சரித்திர பாடநூல் அங்கு இல்லை. ஒன்டாரியோவில் 1914 முதலான கனடியச் சரித்திரம் பத்தாம் வகுப்பிலே கட்டாய பாடம். பிரெஞ்சு மொழி பேசும் கியூபெக்கிலோ அதே யுத்தத்தின் கதை வேறு விதமாகச் சொல்லப்படும். 1917இல் வந்த கட்டாய ஆட்சேர்ப்பும், 1918ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிற்றை ஒட்டிக் கியூபெக் நகரிலே நிகழ்ந்த கலவரத்தில் பொதுமக்கள் நால்வர் சுடப்பட்டு இறந்ததும் அங்கு எளிதில் மறக்கப்படுவன அல்ல. பாடநூல் ஒன்றாயில்லாத அந்நாட்டில், ஆசிரியருக்குத் துணை செய்வன பெரும்பாலும் பாடநூலுக்குப் புறம்பான சாதனங்களே.

முதலாம் உலக யுத்தத்தின்போது கனடாவின் குடித்தொகை ஏறத்தாழ 80 இலட்சம். ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீளவில்லை. 1917 ஏப்பிரல் 9 முதல் 12 வரை பிரான்சிலே விமி மேட்டில் நடந்த சண்டையில் மாத்திரம் 3,598 கனடியர் மாண்டனர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இத்தொகைகளை எழுதிப் போட்டால் என்ன விளங்கும்? பரீட்சைக்கு மனனஞ் செய்வான், மறுநாள் மறப்பான். தொகையிலிருந்து ஆளைப் பிரித்தெடுத்துக் காட்டினாலன்றி நினைவு என்பது பிறவாது.

இதற்கு உதவுகின்ற சாதனங்களுள் தலையாயது என நான் மதிப்பது கனடிய நூலகமும் சுவடிக்கூடமும் வைத்திருக்கும் சேவைக் கோவைகளை. அம்முதல் யுத்தத்திற் சேவை செய்தோரின் கோவைகள் ஏறத்தாழ 622,000 உள. அவற்றை ஒவ்வொன்றாய்ப் படம் பிடித்து எவரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றும் பணி 2018ஆம் ஆண்டிலே நிறைவெய்தியது. ஒரு கோவையைத் திறந்தால் சேர்ந்த அன்று அந்த இளைஞன் ஒப்பமிட்ட பத்திரம் முதலிலே தோன்றும். அவன் பெயர், பிறந்த திகதி, செய்த தொழில், உயரம், மேனி நிறம், சமயம், தனக்கு ஏதும் நேரிடின் அறிவிக்கப்பட வேண்டியவரின் பெயர் ஆகிய யாவும் அதிலுண்டு. பின்னே வைத்தியசாலைக் குறிப்புகள், சம்பளக் கணக்கு, சிலரது மரண சாசனம். ஊர் நடுவே நிற்கும் நினைவுத் தூணிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, அப்பெயருக்குரியவன் யார், எந்த வீதியில் வாழ்ந்தான், எங்ஙனம் இறந்தான் என மாணவரையே தேட விடும் ஆசிரியர்கள் அங்கு உளர். இது நல்ல முறை. தாயின் பெயரை அடுத்த உறவினராக எழுதிவிட்டுச் சென்ற பதினெட்டு வயதுப் பையனின் கையெழுத்தைக் கண்ட மாணவனுக்கு, யுத்தம் என்றால் என்ன என்று ஆசிரியர் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. சில பத்திரங்களிலே வயது பொய்யாக எழுதப்பட்டிருப்பதையும் பிள்ளைகள் தாமே கண்டுபிடிப்பர். ஆவணமும் பொய் சொல்லும் என்பது சரித்திரம் பயில்வோன் அறிய வேண்டிய முதற் பாடமன்றோ.

இதனோடு சேர்த்துப் பயன்படுத்தத்தக்கது, வன்கூவர் தீவுப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டிலே தொடங்கிய கடிதத் தொகுப்பு. போர்முனையிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து போர்முனைக்கும் சென்ற கடிதங்கள் குடும்பத்தாரிடமிருந்து பெறப்பட்டு அங்கு வைக்கப்பட்டுள்ளன. கனடிய யுத்த நூதனசாலையோ பாடசாலைகளுக்குப் பெட்டியொன்றை இரவலாக அனுப்புகின்றது. தலைக்கவசம், சீருடை, நச்சுவாயு முகமூடி போன்றவற்றின் அசலோ படியோ அதில் இருக்கும். கம்பளிச் சீருடையின் கனத்தைக் கையால் உணர்ந்த பிள்ளை பிறகு கேட்கும் வினா வேறு. முதல் யுத்தத்திற் சேவை செய்த கனடியருள் இறுதியானவராகிய ஜோன் பாப்கொக் 2010ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தமது 109ஆவது வயதிற் காலமானார். அந்த யுத்தத்தை அறிந்தவர் வாய்மொழி இனி எக்காலத்தும் இல்லை. காகிதமும் பொருளுமே எஞ்சியவை.

இனிக் கவிதைக்கு வருவோம். பொப்பிப் பூவை நினைவுச் சின்னமாக்கிய கவிதையை இயற்றியவர் ஜோன் மக்ரே என்னும் கனடிய வைத்தியர். 1915 மே மாதம், பெல்ஜியத்திலே ஈப்ரெ நகருக்கு அண்மையில், நண்பரொருவர் மாண்டதை ஒட்டி எழுதியது. அவ்வாண்டு டிசம்பரிலே லண்டன் சஞ்சிகையொன்றில் அது வெளிவந்தது. 1918 ஜனவரியில் மக்ரேயும் நோயுற்றுப் பிரான்சிலே இறந்தார். கனடியப் பிள்ளைகள் இக்கவிதையை மனப்பாடமாய் ஒப்புவிப்பர். ஆனால் அதன் இறுதிப் பகுதியைக் கருதிப் பார்ப்போர் சிலரே. அங்கே இறந்தோர் வாழ்வோரை நோக்கிப் போரைக் கைவிடாது தொடருமாறு பணிக்கின்றனர். 1917இலே யுத்தக் கடன் பத்திரம் விற்பதற்கு இக்கவிதையே விளம்பரத்தாள்களிற் பயன்பட்டது. கவிதையையும் அவ்விளம்பரத்தாளையும் அருகருகே வைத்துவிட்டு, இது ஒப்பாரியா, அறைகூவலா என வகுப்பைக் கேட்கும் ஆசிரியரே கவிதைக்கு நியாயஞ் செய்தவர். இரண்டும் எனச் சொல்லும் பிள்ளைக்கு நான் முழுப்புள்ளி வழங்குவேன்.

பொப்பிப் பூவைக் கனடா 1921இல் ஏற்றுக்கொண்டது. நம் இலங்கையிலும் அப்பூ விற்கப்பட்டதும், சேர்ந்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியப் படைவீரருக்கே போகின்றதெனக் கண்ட இளைஞர் 1930களிலே அதற்கு எதிராகப் பூவரசம் பூ விற்ற சூரியமல் இயக்கமும் நேயர்களுள் மூத்தோர் சிலர் தம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கக்கூடும். பூவொன்று யாரை நினைக்கின்றது, யாரை விடுகின்றது என்னும் வினா எந்நாட்டுக்கும் உரியது.

கனடாவிலும் விடுபட்டோர் உளர். 1916 ஜூலையிலே கறுப்பினத்தவருக்கென அமைக்கப்பட்ட இரண்டாம் நிர்மாணப் பட்டாளத்தினர் மண்வெட்டியோடும் கோடரியோடும் உழைத்தனர். அவர்கள் நடத்தப்பட்ட விதத்துக்காகப் பிரதம மந்திரி மன்னிப்புக் கோரியது 2022 ஜூலையிலேதான். முதல் யுத்தத்திலே குறி தவறாச் சுடுநராய்ப் புகழ் பெற்ற பிரான்சிஸ் பெகமகபோ என்னும் ஒஜிப்வே குலத்தவர், ஊர் திரும்பியபின் தம் மக்களின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் வழக்காட நேர்ந்தது. இரண்டாம் யுத்தத்தின்போது ஜப்பானிய வழிவந்த கனடியர் ஏறத்தாழ 22,000 பேர் வீடு வாசல் இழந்து இடம்பெயர்க்கப்பட்டனர். அரசாங்கம் 1988இலே மன்னிப்புக் கேட்டது. இவற்றைத் தனி அத்தியாயமாய் நூலின் கடைசியிலே ஒட்டுவதைக் காட்டிலும், விமி மேட்டைப் பேசும் அதே பாடத்திற் பேசுதல் தகும்.

மேல் வகுப்பினருக்கு ஏற்ற சாதனம் ஒன்றை நூதனசாலையே அறியாமல் தந்துவிட்டது. ஜேர்மன் நகரங்கள்மீது நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசியமை தகுமா என்பது இன்றும் விவாதத்துக்குரியது என்று ஒட்டாவாவிலுள்ள யுத்த நூதனசாலை ஒரு பலகையில் எழுதி வைத்தது. அப்படைப் பிரிவிலே ஏறத்தாழ 10,000 கனடியர் உயிர் நீத்தவர். முன்னாள் விமானப்படையினர் வெகுண்டனர். விடயம் செனற் சபை வரை சென்று, 2007இலே பலகை வாசகம் மாற்றியெழுதப்பட்டது. பழைய வாசகத்தையும் புதியதையும் ஒருங்கே வைத்து ஆராயும் வகுப்பு, சரித்திரத்தை எழுதும் உரிமை யாருக்கு என்னும் வினாவை எதிர்கொள்ளும். முதிய வீரரின் துயரும் பொய்யன்று. சரித்திராசிரியரின் ஐயமும் பொய்யன்று.

இன்னொன்று சொல்ல வேண்டும். போரினால் தந்தையையோ தமையனையோ இழந்த பிள்ளைகள் இருந்த வகுப்புகளிலே நான் சரித்திரம் கற்பித்திருக்கின்றேன். அத்தகைய பிள்ளைகள் இன்று கனடிய வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கின்றனர்; நம் நாட்டிலிருந்து மட்டுமல்ல, சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் சென்றவர் அவர். அகழியில் கிடக்கும் உடலத்தின் படத்தைச் சுவரிலே விரித்துக் காட்டுமுன் ஆசிரியர் வகுப்பை ஒருமுறை நோக்குதல் வேண்டும். “உன் வீட்டில் நடந்ததைச் சொல்” என்று அப்பிள்ளையை எழுப்பி நிறுத்துவது கொடுமை. தானாகச் சொல்ல வருமாயின் கேட்பதற்குச் செவி இருத்தல் போதும்.

இலங்கையிலுள்ள ஆசிரியரும் இவற்றைக் கையாளலாமா என நீங்கள் கேட்கலாம். நமக்கெனவே ஒரு பாடம் கனடியச் சரித்திரத்தில் உண்டு. 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி, காலிக்கு அருகே கொக்கலையிலிருந்து கனடிய விமானப்படையின் 413ஆம் அணியைச் சேர்ந்த கற்றலினா விமானமொன்று புறப்பட்டது. அதைச் செலுத்தியவர் லியொனாட் பேர்ச்சல். அவர் இலங்கைக்கு வந்து இரண்டொரு நாட்களே ஆகியிருந்தன. இலங்கைக்குத் தென்கிழக்கே நடுக்கடலில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்த அட்மிரல் நகுமோவின் ஜப்பானியக் கடற்படையை அவர் கண்டு செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் இறந்தனர்; எஞ்சியோர் 1945 வரை ஜப்பானியரின் கைதிகளாயினர். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது; 9ஆந் திகதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

கனடிய நூல்கள் பேர்ச்சலை இலங்கையின் இரட்சகர் என அழைக்கின்றன. இப்பட்டத்தை அவ்வாறே ஏற்பதா? கொழும்புத் துறைமுகத்துக் கப்பல்கள் பல அவர் செய்தியின்பின் வெளியேற முடிந்தது. ஆயினும் ஏப்பிரல் தொடக்கத்திலே தாக்குதல் வருமெனப் பிரித்தானியர் முன்னரே எதிர்பார்த்திருந்தனர். நகுமோவின் கப்பல்களில் தீவைப் பிடிப்பதற்கான தரைப்படை இருக்கவில்லை. செய்தி கிடைத்திருந்தும் இரத்மலானையில் நம் பக்கத்து விமானங்கள் பல மேலெழுமுன்னரே எதிரி வந்துவிட்டான். பட்டத்தைக் குறைத்தால் மனிதர் குறைந்துவிடுவதில்லை. நோயுற்ற கைதிகளை வேலைக்கு இழுப்பதை எதிர்த்து நின்று அடியுண்டவர், முகாமிலே மறைத்து நாட்குறிப்பு எழுதியவர் அவர். யுத்தக் குற்ற விசாரணைகளிலே அக்குறிப்புகள் சான்றாயின. 2004இலே ஒன்டாரியோவின் கிங்ஸ்டன் நகரிற் காலமானார்.

பதினோராம் வகுப்புக்கு இது இரண்டு பாடவேளை வேலை. முதற் பாடவேளையிலே இந்து சமுத்திரத்தின் வரைபடமும் ஏப்பிரல் 4 முதல் 9 வரையான நிகழ்ச்சி நிரலும் கொடுங்கள். இரண்டாவதிலே, வீட்டிலே கொள்ளுப்பாட்டன் பாட்டியர் அந்த உயிர்த்த ஞாயிற்றைப் பற்றிச் சொல்லிச் சென்றது எதுவோ அதைக் கேட்டெழுதி வருமாறு பணியுங்கள். கொழும்பை விட்டு இரயிலேறி ஊருக்கு ஓடிவந்த கதைகள் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும்; சொல்வோர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.