மீன் வாழும் நீர்: யமுனையும் யூத அறமும்



ஆறுகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று பணித்தீர்கள். காவிரியையும் வைகையையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கே பலர் இருக்கக்கூடும். ஆனால் இந்தத் தில்லியில் நம்மில் பலர் குடிப்பது யமுனைத் தண்ணீர். நம் வீட்டுக் கழிவு போய்ச் சேருவதும் அதே யமுனையில்தான். ஆகவே யமுனையைப் பற்றியே பேசுகிறேன். துணைக்கு, இந்தத் தலைநகரின் மிகச் சிறிய சமூகம் ஒன்றின் அறநூல்களை எடுத்துக்கொள்கிறேன்.

கான் மார்க்கெட்டுக்கு அருகில், ஹுமாயூன் சாலையில், ஜூதா ஹயாம் என்ற யூத ஜெப ஆலயம் இருக்கிறது. 1956இல் எழுந்த எளிய கட்டடம். பக்கத்திலேயே யூதர்களின் கல்லறைத் தோட்டம். 1971இல் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவுக்கு வழிசெய்த தளபதி ஜே. எஃப். ஆர். ஜேக்கப் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தில்லியில் வாழும் யூதக் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எண்ணிக்கை சிறிது, ஆனால் அவர்கள் கையில் இருக்கும் நீரறம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வாதிட்டுத் தேறியது.

யூதப் புத்தாண்டு நாளில் 'தஷ்லிக்' என்றொரு வழக்கம் உண்டு. பிற்பகலில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போய், சென்ற ஆண்டின் பாவங்களை நீரில் எறிந்துவிடுவதாக வேண்டிக்கொள்வார்கள். இதைப் பற்றி முதலில் எழுதியவர்களில் ஒருவர் மஹரில் என்று அறியப்பட்ட ஜெர்மானிய ரபி யாக்கோபு மோலின்; 1427இல் மறைந்தவர். அந்த நீரில் மீன் இருப்பது சிறப்பு என்பது மரபு. வலையில் எந்நேரமும் அகப்படக்கூடிய மீனைப் போலத்தான் மனித உயிரும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இந்தச் சடங்குக்கு உயிருள்ள ஆறு வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு யமுனைக் கரையின் வஜீராபாத்துக்கு வாருங்கள்.

யமுனோத்ரியிலிருந்து பிரயாக்ராஜ் வரை யமுனையின் நீளம் 1,376 கிலோமீட்டர். அதில் வஜீராபாத் தடுப்பணையிலிருந்து ஓக்லா வரை வெறும் 22 கிலோமீட்டர். மொத்த நீளத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஆறு முழுவதும் சுமக்கும் மாசில் ஏறக்குறைய முக்கால் பங்கு இந்த 22 கிலோமீட்டரில் சேர்கிறது. கோடையில் வஜீராபாத்திலேயே நல்ல தண்ணீர் அநேகமாக முழுதும் எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்குக் கீழே முதலில் வந்து கலப்பது நஜஃப்கர் நாலா. நாலா என்கிறோமே, ராஜஸ்தானத்து ஆரவல்லியில் பிறந்து வந்த சாஹிபி ஆற்றின் கடைப்பகுதிதான் அது. ஒரு ஆற்றைச் சாக்கடையாக்கி, அந்தச் சாக்கடையை இன்னொரு ஆற்றில் விட்டிருக்கிறோம். அங்கிருந்து ஓக்லா வரை, பல மாதங்களில் நீரில் கரைந்த ஆக்ஸிஜன் சுழியத்தைத் தொடுகிறது. குளிப்பதற்கான தரமே லிட்டருக்கு 5 மில்லிகிராம். மீன் எங்கிருந்து வரும்? வடநாட்டுக் கார்த்திக மாதத்தில் சட் பூஜைக்கு வரும் பெண்கள் இடுப்பளவு வெள்ளை நுரையில் நின்று சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறார்கள். அந்தத் தாய்மார்களின் பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களை அந்த நுரையில் நிற்கவைத்த நகரத்தின் மீதுதான் என் கோபம்.

அந்த ஜெப ஆலயம் எழுந்த காலத்தில் தில்லியில் நடந்த ஒரு பேரிடரை இங்கே சொல்லியாக வேண்டும். 1955இல் பெருவெள்ளம் வடிந்தபின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டு, குடிநீர் எடுக்கும் இடத்தை விட்டு விலகிப்போனது. நஜஃப்கர் நாலாவின் கழிவு பின்னோக்கி ஏறி, அதே இடத்தில் புகுந்தது. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் நகரம் மஞ்சள் காமாலையில் விழுந்தது. கண் மஞ்சளித்துப் படுத்தவர்கள் மட்டும் சுமார் 29,000 பேர். கர்ப்பிணிகள் அதிகம் மாண்டார்கள். பல ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் அதுவரை அறிந்திருந்த காமாலைக் கிருமிகளின் வேலை அதுவல்ல என்று தெரிந்தது. இன்று அதை ஹெபடைடிஸ் ஈ என்கிறோம். உலக மருத்துவ நூல்களில் தில்லிக்கு இப்படியும் ஒரு இடம் உண்டு. வஜீராபாத் தடுப்பணை 1959இல் வந்தது. குழாய் நீர் ஓரளவு காப்பாற்றப்பட்டது. அணைக்குக் கீழே ஆறு கைவிடப்பட்டது.

இனி நூல்களுக்கு வருகிறேன். யூத வேதத்தின் உபாகமப் பகுதியில், போருக்குப் போகும் படைவீரனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஆயுதத்தோடு மண் தோண்டும் கோல் ஒன்றும் வைத்திருக்க வேண்டும். பாளையத்துக்கு வெளியே போய்க் குழி தோண்டி, மலத்தை மூடிவிட்டு வர வேண்டும். அந்தப் பாளையத்தில் கடவுள் நடமாடுகிறார் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். போர்க்களத்தில், உயிர் போகும் அவசரத்தில்கூட அவரவர் கழிவுக்கு அவரவரே பொறுப்பு. நம் நகரத்திலோ கழிவுக்கு ஆளில்லை. செப்டிக் டேங்கை உறிஞ்சிய லாரி இரவில் நாலாவில் திறந்துவிடுகிறது. அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர் நமக்குப் பெயர் தெரியாத ஏழைத் தொழிலாளி. பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்கிச் சுத்தம் செய்யவைக்கக் கூடாது என்று 2013இல் சட்டம் வந்தும் அந்தச் சாவுகள் நிற்கவில்லை.

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் 'பாவா பத்ரா' என்ற பகுதி அக்கம்பக்கத்து வழக்குகளுக்கு உரியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழம் தள்ளி, கிழக்கே மட்டும் இருக்கலாம். மிஷ்னா எழுந்த நாட்டில் பெரும்பாலும் மேல்காற்று வீசுவதால் நாற்றம் ஊருக்குள் வராது. அயலான் கிணற்றிலிருந்து 25 முழம் தள்ளித்தான் மரம் நட வேண்டும். வேர் கிணற்றைப் பிளக்கும். ஆழமாக வேரோடும் காட்டத்திக்கு 50 முழம். பக்தியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. முழக்கோல்தான் பேசுகிறது. யமுனையைத் தாய் என்று கும்பிடுகிறோம். அந்தக் கும்பிடு உண்மையானது. ஆனால் அவளிடமிருந்து எத்தனை முழம் தள்ளி நிற்க வேண்டும் என்ற கேள்வி நம் வழிபாட்டுக்குள் வராமல் போய்விட்டது. யமுனையின் வெள்ளச் சமவெளியில் கட்டடங்கள் எழுவதை எதிர்த்து 2007இல் 'யமுனா ஜியே அபியான்' தொடங்கிய மனோஜ் மிஸ்ரா வாழ்நாளின் கடைசிவரை கேட்டது இந்தத் தூரத்தைத்தான். அவர் 2023 ஜூனில் மறைந்தார். அடுத்த மாதமே, ஜூலை 13 அன்று, பழைய ரயில் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978இன் உச்சமே 207.49தான். நாம் விட மறுத்த இடத்தை ஆறு தானே வந்து எடுத்துக்கொண்டது.

நூல் இருந்தால் மட்டும் ஆறு பிழைத்துவிடாது. டெல் அவிவ் நகரின் யார்க்கோன் ஆற்றைப் பாருங்கள். 1997 ஜூலை 14 அன்று மக்காபியா விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழாவுக்காகப் போட்ட தற்காலிகப் பாலம் இடிந்து, ஆஸ்திரேலிய வீரர்கள் ஆற்றில் விழுந்தார்கள். நால்வர் இறந்தனர். அவர்களில் விழுந்த அடியில் தப்பியவர்களைப் பின்னர் கொன்றது, அந்த அழுக்கு நீரிலிருந்து நுரையீரலுக்குள் போன பூஞ்சைத் தொற்று. முழக்கோல் வைத்துக் கிணற்றைக் காத்தவர்களின் வழித்தோன்றல்கள் தங்கள் ஆற்றை அந்த நிலைக்கு விட்டிருந்தார்கள். பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பை உயர்த்தினார்கள். நல்ல தண்ணீரில் ஒரு பங்கை ஆற்றுக்கே ஒதுக்கினார்கள். அந்தப் பகுதிக்கே உரிய ஒரு சிறு மீன், 1999 வறட்சியில் அழியும் நிலையில் இருந்தது. மிஞ்சியவற்றைப் பிடித்து டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் வளர்த்து, 2006இல் திரும்ப ஆற்றில் விட்டார்கள். அவை பெருகின.

யமுனைக்கும் அப்படி ஒரு பங்கை ஒதுக்கப் பெரிய தடை, மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு. மிஷ்னாவை விவாதித்து வளர்ந்த தல்மூதில் ஒரு வழக்கு வருகிறது. ஊரார் ஊற்றின் மீது அவ்வூருக்கே முதல் உரிமை. ஆனால் அவர்களுக்குத் துணி துவைக்கவும் அயலூருக்குக் குடிக்கவும் ஒரே நேரத்தில் நீர் வேண்டுமானால்? அயலாரின் தாகமே முந்தும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ரபி யோசே மட்டும் மறுக்கிறார். அழுக்குத் துணியும் நோய் தரும், அதுவும் உயிர்ப் பிரச்சினையே என்பது அவர் பக்கம். தோற்ற வாதத்தையும் அழிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். மேல்மடை, கீழ்மடைச் சண்டையில் ஊறிய தமிழருக்கு இந்த வழக்கு அந்நியமானதல்ல.

1994 மே 12 அன்று உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம், தில்லி ஆகிய ஐந்தும் மேல் யமுனை நீரைப் பங்கிட்டுக்கொண்டன. ஆற்றுக்கென்று விட ஒப்புக்கொண்டது விநாடிக்கு 10 கன மீட்டர், அதாவது சுமார் 350 கன அடி. வறண்ட மாதங்களில் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து 23 கன மீட்டராவது, ஏறத்தாழ 810 கன அடி, விட வேண்டும் என்று ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. எந்த மாநிலமாவது கேட்டால் 2025க்குப் பிறகு அந்த உடன்படிக்கையை மறுபரிசீலனை செய்யலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தில்லி கேட்க வேண்டும். தன் குழாய்க்காக மட்டும் கேட்காமல், வஜீராபாத்துக்குக் கீழே மீன் மூச்சுவிடும் அளவு நீருக்காகவும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்குமுன், நஜஃப்கர் நாலாவில் நாம் விடும் கழிவுக்குக் கணக்கு கொடுத்தாக வேண்டும். அந்தக் கணக்கு இல்லாமல் மேல்மடைக்காரரிடம் போய் நிற்க நமக்கு முகம் இருக்காது.