ஈயச் சுரங்கத்து முன்னோரைத் தேடி

பிழைப்பை நாடிச் சொந்த ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு குடும்பம், மூன்று நான்கு தலைமுறைக்குப் பின் தன் பூர்விகத்தைக் கண்டறிய இயலுமா? இவ்வினாவுக்கு விடையாக, இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை இன்று நேயர்கள்முன் வைக்க விழைகின்றோம்.

டர்ஹாம் மாவட்டத்தின் மேற்கே வியர்டேல் என்னும் மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே ஈயச் சுரங்கமே முதன்மையான தொழில். 1870-களின் பிற்பகுதியில் ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து மலிவான ஈயம் வந்து குவியவே, விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குடும்பங்கள் கிழக்கேயிருந்த நிலக்கரி ஊர்களுக்கும், கடல் கடந்து அமெரிக்காவுக்கும் சென்றன. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று பழைய ஏடுகளைப் புரட்டித் தம் முன்னோரைத் தேடுகின்றனர்.

தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் பின்செல்வதே இத்தேடலின் முதல் விதி. நிலக்கரி ஊரொன்றில் வாழ்ந்த முதியவர் ஒருவரை 1881-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு ஏட்டில் கண்டோம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்த இடம் என்ற பத்தியில் ‘ஸ்டான்ஹோப்’ என்றிருக்கும். அவர் பிள்ளைகளின் வயதையும் பிறந்த இடத்தையும் ஒப்பிட்டால், குடும்பம் எந்த ஆண்டளவில் மலையைவிட்டு இறங்கியது என்பது புலப்படும். 1851-ஆம் ஆண்டு ஏட்டிலும் உறவுமுறை, வயது, பிறந்த ஊர் ஆகியவை உண்டு. 1841-ஆம் ஆண்டு ஏட்டில் எச்சரிக்கை தேவை. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்தெழுதுவது அவ்வாண்டின் விதி. நாற்பத்து நான்கு வயதினர் நாற்பது வயதினராகிவிடுவார்.

அதற்கும் முன்னே செல்லப் பங்குக் கோயில் பதிவேடுகளே துணை. இவை 1538-இல் தாமஸ் கிராம்வெல் இட்ட ஆணையால் தொடங்கியவை. 1754 முதல் மணமக்கள் கையொப்பமோ கீறலோ இட்டனர். 1813 முதல் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் தொழிலும் இருப்பிடமும் சேர்ந்தன. நம் நாட்டைப் போலவே அங்கும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் உண்டு. ஆதலால் ஒரே பெயரில் பலர் இருப்பர்; தொழிலும் ஒன்றே. இருப்பிடத்தைக் கொண்டுதான் ஒருவரைப் பிரித்தறிய வேண்டும். பங்குக் கோயிலில் பெயர் இல்லையெனில் மனந்தளர வேண்டுவதில்லை. மெதடிஸ்டு சபையார் பலர் தம் சபையிலேயே குழந்தைகளைப் பதிவு செய்தனர்.

ஆயினும் ஏடு எல்லாவற்றையும் கூறுவதில்லை. குடிமதிப்பு எடுக்கப்பட்ட இரவுகள் ஞாயிற்றுக்கிழமை இரவுகள். அன்று தொழிலாளி மனைவி மக்களோடு வீட்டில் இருப்பதாகவே ஏடு காட்டும். தொலைவிலிருந்த சுரங்கத்துக்குச் சென்றவரோ, வாரத்தின் மற்ற இரவுகளைச் சுரங்கத்தருகே இருந்த நெருக்கடியான விடுதியில் கழித்தார். பத்தாண்டு கழித்து அடுத்த ஏட்டைத் திறந்தால், அவர் பெயர் இருந்த இடத்தில் ‘ஈயச் சுரங்கத் தொழிலாளியின் விதவை’ என ஒரு பெண்ணின் பெயர் இருக்கக் காணலாம்; சிறுவனான மகன் ஈயக்கல் கழுவும் வேலையில் இருப்பான். அடக்கப் பதிவேட்டில் தந்தையின் வயதைப் பார்த்தால் ஐம்பதைக்கூட எட்டியிராது. கல்தூசியால் நேர்ந்த நுரையீரல் நோய் பலரை இவ்வாறு கொண்டுசென்றது. 1864-இல் அறிக்கை தந்த அரசாங்க விசாரணைக் குழுவும் இதனை எடுத்துரைத்தது.

இங்கிலாந்தின் குடிமதிப்பு ஏடுகள் நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டு ஏடு 2022-இல் திறக்கப்பட்டது. 1931-ஆம் ஆண்டு ஏடுகளோ 1942-இல் தீக்கிரையாயின. ஒரு தலைமுறையின் வரலாறு அவற்றோடு போயிற்று.

நம் நாட்டில் கணக்கெடுப்பாளரிடம் நாம் தரும் விவரங்கள், 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறர் பார்வைக்கு உரியன அல்ல. நம் பேரப்பிள்ளைகள் நம்மை அங்கே தேடிக் காண இயலாது. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்த குழந்தைகளுக்குப் பாட்டனார் பெயர் தெரியும். அவர்தம் தந்தையார் பெயர் தெரியுமா என்பது ஐயமே. ஆகவே ஊர், தெரு, குலதெய்வக் கோயில், முன்னோர் பெயர், அவர்கள் செய்த தொழில், ஊரைவிட்டுப் புறப்பட்ட ஆண்டு, அதன் காரணம் ஆகியவற்றை, வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்போமாக. ஊருக்கு அடுத்தமுறை செல்லும்போது, விட்டுப்போனவற்றை அங்குள்ள பெரியோரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.