இளைஞரும் கணக்கறிவும்
(நமது சங்கக் கூட்டத்தில் செங்கற்பட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது செங்கற்பட்டுச் சீமையில் 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் எஞ்சினீயர் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். வீடு, ஏரி, நன்செய், புன்செய், மானியம் ஆகிய விவரங்கள் தமிழில் ஓலைகளிலும் எழுதப்பட்டன. அவற்றை எழுதிய கணக்கர் கல்லூரி கண்டவரல்லர். திண்ணையில் மணலில் எழுதியும், எண்சுவடியை மனனஞ் செய்தும், பெரியோருடன் களத்துமேட்டில் நின்றும் கற்றவரே.

ஆயினும், அக்கணக்கு ஒரு சிலர் பெட்டகத்துள் அடங்கிக் கிடந்தது. உழுதவன் தன் நிலக்கணக்கைத் தானே படித்தறிய இயலாதவனாயிருந்தான். இது நம் முன்னோர்மேல் நிற்கும் பழி. கிராமக் கணக்கர் பதவி 1980இல் ஒழிந்தது. அதற்கு இரங்குவதினும் அவ்வறிவை எல்லார்க்கும் பொதுவாக்குதலே நம் கடன்.

அதற்கு வழி யாது? கடற்கரையைப் பாருங்கள். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து, பங்குனி ஆமைகளின் கூடுகளையும் முட்டைகளையும் எண்ணிக் குறித்து வருகின்றனர். 2025 ஜனவரியில் சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்தொதுங்கின. விசைப்படகுகளின் இழுவலைகள்மேல் குற்றஞ் சாட்டப்பட்டது. பலருடைய பிழைப்பைத் தொடும் இத்தகைய வழக்கில் எண் பிழைபடலாமோ?

எண்ணிய உடலில் அடையாளம் இடாவிடின், மறுநாள் வருவோர் அதனையே மீண்டும் எண்ணுவர். கடலுள் அமிழ்ந்தவை கரைக்கணக்கில் சேரா. இவை தவிர ஒன்றுண்டு: கரைமுழுதும் நடந்தும் ஒன்றும் காணாத நாளுக்குச் சுழி இடலாம், நடவாத நாளுக்குச் சுழி இட்டால் அது பொய்க்கணக்காகும். அங்கே ‘செல்லவில்லை’ என்றே எழுதவேண்டும். இதனைச் சிறுவன் ஒருவன் மணலில் நடந்தறிவானாயின், பிற்காலத்தில் மழைக்கணக்கோ வாக்குக்கணக்கோ எதிர்வரினும், ‘எண்ணியவர் யார்? எங்கே, எந்நாள்? விடுபட்டது எது?’ என்று வினவுவான்.

ஆதலின், விடுமுறை நாட்களில் நம் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் மாமல்லபுரக் கரைக்குச் செல்லட்டும். மீனவப் பெரியோரை ஆசிரியராகக் கொண்டு, காற்றையும் நீரோட்டத்தையும் வலையில் விழும் மீனையும் நாள்தோறும் குறிக்கட்டும். எழுதியதை அக்குப்பத்தாரிடமே முதலில் படித்துக் காட்டி, அவர் திருத்துவதை ஏற்கட்டும். பெட்டகத்துள் பூட்டிய கணக்கை ஊர்நடுவே விரித்து வைப்போமாக!